டீமேக்கரின் டிஏசி

2008 நவம்பர், செவ்வாய் இரவு

கலவான ரோட்டு எஸ்டேட்டில் தேயிலை பதப்படுத்துவதைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கராக இருக்கும் தங்கராசு, தன் பழைய டிஏசியை என் ரேடியோ கடையில் தந்து ஒரு வாரமாகிறது. சீடியில் பதிந்திருப்பதைக் கேட்கக்கூடிய ஒலியாக மாற்றும் பெட்டி அது. இரைச்சல் போவதற்காகப் பவர் சப்ளையைத் தனிப் பெட்டிக்கு மாற்றி, பெரிய டிரான்ஸ்ஃபோமரும் புதுக் கெப்பாசிட்டர்களும் வைத்தேன். இன்று காலை போட்டுப் பார்த்தபோது பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. சந்தோஷத்தில் சத்தத்தைக் கூட்டினேன்.

அந்த நேரத்தில்தான் பொலிஸ் உள்ளே வந்தது. வடக்கில் யுத்தம் நடப்பதால் கடைத்தெரு முழுக்கச் சோதனையாம். வயர்களைப் பார்த்ததும் சார்ஜன்ட் குண்டோ என்று சந்தேகப்பட்டு என்னைச் சுவரோரம் நிற்கச் சொன்னார். சிங்களத்தில் எவ்வளவோ விளக்கினேன். பாட்டுக் கேட்க எதற்கு இவ்வளவு பெரிய டிரான்ஸ்ஃபோமர் என்றார். இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு, நாளைக் காலை அவற்றின் சொந்தக்காரரோடு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் தங்கராசுவுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, எனக்குச் சின்னப் புள்ளைங்க இருக்குங்க. அது என்னோடதுன்னு மட்டும் சொல்லிறாதீங்க" என்றார்.

சரி என்று வைத்துவிட்டேன். என் மனைவி ஒரு பையில் மாற்றுச் சாரமும் துவாயும் எடுத்து வைத்திருக்கிறாள். நாளை என்னை உள்ளே வைத்துவிட்டால் தேவைப்படுமாம்.