தாம்பரத்து அத்தை சொல்கிறார்

சேலையூர்
தாம்பரம்
12.6.1993
சேசு மரி சூசை துணை

அன்புள்ள அண்ணன் மகன் வில்பிரட்டுக்கு,

உன் அத்தை செல்வமேரி எழுதுறது. ஆண்டவர் கிருபையில நானும் உன் மாமாவும் எழுந்து நடமாடிட்டுதான் இருக்கோம். சிங்கப்பூர்ல நீ வேளைக்குச் சாப்பிடுறியான்னுதான் கவலை.

நீ குடுத்தனுப்புன புது டி.வி. கேம் பெட்டிய உன் கூட்டாளி சவுரிமுத்து லீவுல வந்த அன்னிக்கே கொண்டாந்து குடுத்துட்டார். பாவம், மனுஷன் சொந்த வீட்டுக்குக்கூடப் போகல. நீ எங்க வீட்ல தங்கி பாலிடெக்னிக் படிச்சப்ப ஒரு கறுப்புப் பெட்டி வாங்கி எனக்கு ஆடக் கத்துக்குடுத்தியே, அதுக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம். இதுல குரங்குக்கு முழி எல்லாம் தெரியுது.

பெட்டியோட வந்த குரங்கு ஆட்டம், அந்த மூன் மங்கி, ஆடுனேன். எப்படின்னு கேட்டிருந்தியே, சொல்றேன். நல்ல ஆட்டம். விழுந்தா அது நம்ம தப்பு, ஆட்டத்து தப்பு இல்ல. அதுதான் எனக்குப் பிடிச்சது. ஒரு குறை, கரண்ட் போனா முதல்லேருந்து குதிக்கணும். எங்க ஏரியா கரண்டு விஷயம் ஜப்பான்காரனுக்கு எப்படித் தெரியும்.

இன்னொரு குறை. கறுப்புப் பெட்டி கேசட் இதுல நுழையல, இது அதுல நுழையல. மூன் மங்கி இந்தப் பெட்டிக்கு மட்டும்தான்னு அட்டையில பெருமையா வேற போட்டிருக்கான். இன்னொருத்தன் விறகு போட்டா எரிய மாட்டேன்னு சொல்ற அடுப்ப யாராவது வாங்குவாங்களா? ஆனா நாம வாங்குறோம். நல்ல ஆட்டத்த உள்ள வெச்சுப் பூட்டிட்டானே.

ஜெபமாலை முடிச்சிட்டுதான் உக்கார்றேன். உன் மாமா லாசரஸ், "கோயில்ல முட்டி போட்டா வலிக்குதுங்கிற, குரங்கக் குதிக்க வெச்சா கை வலிக்கலியா?"ங்கிறார். வலிக்குதுதான். அவர்கிட்ட சொல்லல.

உன் அத்தை,
செல்வமேரி


சிங்கப்பூர்
3.7.1993

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அடுப்பும் விறகும் கதையை நான் வேலை செய்யும் வீடியோ கேம் கடையில் படித்துக் காட்டினேன், முதலாளிகூடச் சிரித்துவிட்டார். இங்கே வாங்க வருகிறவர்கள் எல்லோரும் படம் நன்றாக இருக்கிறது, சத்தம் நன்றாக இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உங்களை மாதிரி யாரும் பேசுவதில்லை.

மூன் மங்கி இரண்டாம் பாகம் வந்துவிட்டது. ஊருக்கு வரும் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கடை திறக்கும் முன்பே வரிசையில் நிற்கிறார்கள். ஆடிப் பார்த்து மனதில் பட்டதை விரிவாக எழுதுங்கள். ஒன்றையும் விட வேண்டாம்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
வில்பிரட்


சேலையூர்
20.8.1993
சேசு மரி சூசை துணை

அன்புள்ள வில்பிரட்டுக்கு அத்தையின் ஆசீர்.

மாதா பரலோகம் போன திருநாளுக்குப் பூசை பார்த்துட்டு வந்து, பாயசம் வெச்சு இறக்கிட்டு, அன்னிக்குத்தான் ரெண்டாம் பாகத்தப் போட்டேன். இன்னிக்குக் காலைல முடிச்சேன். வயிறெரியுது, கண்ணு.

அதே குரங்கு. தலையில ஒரு தொப்பி. அவ்வளவுதான் புதுசு. முதல் பாகத்துல கொடியப் பிடிச்சு ஆடி ஆடி, சமயம் பார்த்து விடணும், அதுல ஒரு சொகம் இருந்தது. அத எடுத்துட்டான். இப்ப பொத்தான அமுக்கினா அதுவே பறக்குது. அப்ப நான் எதுக்கு? கடைசி ஸ்டேஜுன்னு போனா, முதல் பாகத்து முதல் ஸ்டேஜேதான், ராத்திரியாக்கி வெச்சிருக்கான். இருட்டுல எனக்குத் தெரியாதுன்னு நெனச்சான் போல.

முதல் ஆட்டம் நம்மகிட்ட ஆசைய உண்டாக்குது. ரெண்டாவது அந்த ஆசையத் தின்னு பொழைக்குது. இதுக்கா விடியக்காலைல வரிசையில நின்னாங்க? நீ கடையில நிக்கிறவன், வர்ற ஜனத்துக்கிட்ட சொல்லு, தள்ளுபடியில போட்டாக்கூட வாங்காதீங்கன்னு. முக்கியமா, பழைய கறுப்புப் பெட்டி வெச்சிருக்கிறவங்க கையால தொடவே வேணாம்னு சொல்லு. இதுவும் இந்தப் பெட்டியில மட்டும்தான் ஓடும், ஆனா அட்டைல அதப் பொடி எழுத்துல போட்டிருக்கான், பூதக்கண்ணாடி வேணும்.

நான் ஜெபமாலை சொல்லிட்டு வந்து ஜாய்ஸ்டிக்கைத் தொடுற மனுஷி, பொய் சொல்ல மாட்டேன்.

இந்த வீட்ல குழம்புல உப்பு போதுமான்னுகூட என்னை யாரும் கேக்கறதில்ல. நீதான் இவ்வளவு தூரத்துலேருந்து கேக்குற. அதான் நாலு பக்கம் ஆயிடுச்சு. கோச்சுக்காத.

உன் அத்தை,
செல்வமேரி


சிங்கப்பூர்
15.9.1993

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது, மிகவும் நன்றி. வேலை அதிகம், விரிவாக எழுத நேரமில்லை. ஒரு நல்ல செய்தி. இந்த மாதம் முதல் கடையில் நான்தான் மேலாளர். எனக்காக ஜெபித்ததற்கு நன்றி.

அன்புடன்,
வில்பிரட்


சேலையூர்
3.11.1993
சேசு மரி சூசை துணை

வில்பிரட்டுக்கு,

நேத்து கல்லறைத் திருநாள். உன் தாத்தா கல்லறைக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு வீட்டுக்கு வந்தா, வாசல்ல மீன்காரம்மா தனக்கோடி நிக்கிறா. கோவிலம்பாக்கத்துல இருக்காளே, அவதான். அவ மகன் கோபுவும் சிங்கப்பூர்லதான் கட்டட வேலை பாக்குறான். கையில மீன் கூடை இல்ல. ஒரு புஸ்தகமும் ஒரு கேசட்டும்.

"மேரிம்மா, நீ இன்னா இப்டி பண்ணிட்ட?"ன்னா.

"என்னடி பண்ணேன்?"

"எம்மவன் உன்னை நம்பித்தான் வாங்கி அனுப்பிகீறான். அவன் பசங்க வெச்சிருக்கற பழைய பெட்டியில சொருவினா நுழையவே மாட்டேங்குது. பெரியவன் சுத்தியல எடுத்துகினு வந்துட்டான். சின்னது ரெண்டு நாளா அழுதுகினே கீது."

"நான் எப்படி காரணம்?"ன்னு கேட்டேன். புஸ்தகத்தப் பிரிச்சு மூஞ்சிக்கு நேரா நீட்டுனா. "இது நீதானே? சிலுவை சங்கிலி போட்டுகினு?"

நான்தான். உன் தங்கச்சி கோயில்ல புதுநன்மை வாங்குன அன்னிக்கு எடுத்த போட்டோ. மேல பெரிசா, 'தாம்பரத்து அத்தை சொல்கிறார்'. உங்க கடைப் பேரு அடியில. தீவுச்சுடர்னு உங்க ஊர்ல வர்ற தமிழ் மாசப் பத்திரிகையாம், எல்லாத் தமிழாளுங்களும் படிக்கிறாங்களாம்.

படிச்சேன். 'மூன் மங்கி ரெண்டாம் பாகம், முதல் பாகத்தை விடப் பிரமாதம். தொப்பி போட்ட குரங்கு கொள்ளை அழகு. எந்தப் பெட்டியிலும் ஓடும். இன்றே வாங்குங்கள், முந்துங்கள்.' அதுக்குக் கீழ, 'நான் ஜெபமாலை சொல்லிவிட்டு வந்து ஜாய்ஸ்டிக்கைத் தொடுகிறவள், பொய் சொல்ல மாட்டேன்.'

நான் எழுதுனதுல அந்த ஒரு வரிய மட்டும் வெச்சிருக்கியே, வில்பிரட். மத்ததெல்லாம் தூக்கிப் போட்டுட்டு.

தனக்கோடி திட்டல. அதுதான் தாங்க முடியல. "நீ பூசைக்குப் போறவ, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னான் எம்மவன்"னு சொல்லிட்டு, கையில இருந்த கேசட்டத் திருப்பித் திருப்பிப் பாத்தா. நான் அப்படிச் சொல்லவே இல்லடின்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா, எங்க அண்ணன் பிள்ளை புளுகன்னு சொல்லணும். வாய மூடிக்கிட்டேன்.

யார் மாத்துனா? நீயா, பத்திரிகைக்காரனா? எனக்குத் தெரியணும். உடனே பதில் போடு.

உன் அத்தை,
செல்வமேரி


சிங்கப்பூர்
20.11.1993

அன்புள்ள அத்தைக்கு,

மறைக்க விரும்பவில்லை. நான்தான் எழுதினேன். அந்தப் பக்கம் எங்கள் கடை வாங்கும் விளம்பரப் பக்கம். மோசம் என்று போட்டால் முதலாளி என்னை வைத்திருப்பாரா? முதலில் உங்கள் கடிதத்தை அப்படியேதான் காட்டினேன். "அத்தைங்கிற ஆள் நல்லா இருக்கு, கருத்தை மாத்து" என்றார். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான் அத்தை, யாரும் இதைப் பாவமாக நினைப்பதில்லை. இங்கே அடிக்கிற பத்திரிகை தாம்பரம் வரை வரும் என்று நான் எங்கே கண்டேன்?

ஆனால் ஒன்று தெரியுமா? உங்களுக்கு இங்கே நல்ல பேர். "அத்தை இந்த மாசம் என்ன சொல்றாங்க?" என்று கேட்டுக்கொண்டே கடைக்குள் வருகிறார்கள்.

மூன்றாம் பாகம் கிறிஸ்துமஸுக்கு விற்பனைக்கு வருகிறது, எங்கள் கடைக்கு முன்கூட்டியே வந்துவிட்டது. அதற்கான புதிய பெட்டி ஒன்றும் அந்தக் கேசட்டும் சவுரிமுத்துவின் தம்பி கொண்டுவருகிறார். இந்த முறை நான் எதையும் மாற்ற மாட்டேன். நீங்களே நல்லதாக நாலு வரி எழுதிவிடுங்கள், பிரச்சினையே இல்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
வில்பிரட்


சேலையூர்
11.12.1993

வில்பிரட்டுக்கு,

உன் கடுதாசி வந்தது. உன் மாமா படிச்சிட்டு, "பையன் பொழைச்சுக்குவான்"னார். பாராட்டுறாரா திட்டுறாரான்னு தெரியல, கேக்கவும் இல்ல.

சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனேன். "பொய் சொன்னேன், ஆனா நான் சொல்லல"ன்னேன். அவருக்குப் புரியல. அப்படி ஒரு பாவத்த அவர் கேட்டதில்ல போல. மூணு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். மனசு ஆறல.

அப்புறம் உன் பெட்டியக் கழட்டி, வயரெல்லாம் சுருட்டி, மழைத் தண்ணி படாம சாக்குல சுத்தி, ஆட்டோ புடிச்சு கோவிலம்பாக்கம் போயிட்டேன். தனக்கோடி பதறிட்டா. "உன் பெட்டிய ஏம்மா இங்க கொண்டாந்து வெக்கிற, வேணாம்மா, எடுத்துகினு போ"ன்னா. "ஓடும்னு நான் சொன்னதா அச்சுல போட்டிருக்கு இல்ல, ஓடட்டும்"னேன். மாட்டிக் குடுத்தேன். குரங்கு தொப்பியோட வந்து நின்னுச்சு. பசங்க குதிச்சதுங்க. பெரியவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "இதுதான் ரொம்ப நல்ல ஆட்டமா ஆயா?"ன்னு கேட்டான். அவன் இதுக்கு முன்னாடி வேற நல்லது ஆடுனதில்ல. என்னை ஒருத்தன் அபிப்பிராயம் கேட்டு நான் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை.

நீ அனுப்புன புதுப் பெட்டியும் மூணாம் பாகமும் வந்துச்சு. பிரிக்கல. வந்தவர் கையிலேயே திருப்பிக் குடுத்துட்டேன். கொண்டுவந்த கையோட எப்படிம்மா திரும்ப எடுத்துட்டுப் போறதுன்னு முனகினார். காப்பி குடுத்து அனுப்பினேன்.

எல்லாரும் செய்றதுதான்னு எழுதியிருக்க. இருக்கலாம். உனக்கு விக்க நல்ல வாய் வேணும்னா ஊர்ல ஆயிரம் இருக்கு, நடிக்கிறவங்க இருக்காங்க, காசு குடுத்தா பேசுவாங்க. நீ எடுத்தது நான் உனக்கு மட்டும் எழுதுனத. அடுத்த மாசமும் என் படத்தப் போட்டு ஏதாவது எழுதுவ, எனக்குத் தெரியும், அங்க வந்து நான் கிழிக்கவா முடியும். எழுதிக்கோ. ஆனா மாத்துறதுக்கு இனிமே என்கிட்டேருந்து ஒரு வரியும் வராது.

உங்கப்பா, எங்க அண்ணன் முகத்துக்காக மாசத்துக்கு ஒரு கடுதாசி போடுறேன். இதுக்குக் கீழ எழுதுற ரெண்டு வரி மாதிரித்தான் இருக்கும்.

நாங்க நல்லா இருக்கோம். இங்க மழை.

இப்படிக்கு,
லா. செல்வமேரி