மெதுவாக நடக்கச் சொல்கிறார்கள்

அக்காவுக்கு,

எல்லோரும் தூங்கியபின் எழுதுகிறேன். காலையில் பக்கத்து வீட்டு மோனிகா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

பொங்கலுக்கு வந்தாய். வலி பற்றிய உன் நியூரோபெப்டைடு ஏற்பி ஆராய்ச்சிக்கு என் ரத்தத்தை எடுத்தாய், பாதத்தில் ஊசியால் குத்திக் குத்திக் குறித்துக்கொண்டாய். அதோடு போயிருக்கலாம். "நைனா, இவளுக்கு வலியே தெரியாது, கோடியில ஒருத்தி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு பெங்களூர் பஸ் ஏறினாய்.

நைனா அதை நம் செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் பரப்பிவிட்டார். "ஆத்தா குடுத்த வரம்யா. பெரியவளே மிசின் வெச்சுப் பாத்துச் சொல்லிட்டா" என்கிறார். வெள்ளிக்கிழமை நம் தெருத் தீமிதிக்கு எனக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. இனி ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

துரைக்கண்ணு சித்தப்பா நேற்று சீண்டினார்: "ஏண்ணா, வலிக்காதவ நெருப்புல இன்னாத்துக்கு ஓடணும்?"

நைனாவுக்கு ரோஷம். "மத்தவனுங்க ஓடட்டும். எம்பொண்ணு மெதுவா நடப்பா, பாத்துக்கோ."

வலிக்காது, ஆனால் வெந்துபோகும் என்றேன். "ஆத்தாவயே சந்தேகப்படுறியா?" என்று கையை ஓங்கினார். போன வருஷம் இஸ்திரிப் பெட்டியில் என் கை ஒட்டிக்கொண்டதைத் தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் பார்த்தேன். அதை எழுதிக்கொண்ட நீ, நைனாவுக்கு விளக்கினாயா?

வலி தெரியாதவளுக்குப் பயமும் தெரியாது என்று நினைக்கிறார்கள். பயம்தான் என்னைத் தூங்கவிடாமல் இதை எழுத வைக்கிறது.

ஃபோன் செய்யாதே. நீ சொல்வதில் அவருக்குப் பிடித்ததை மட்டும்தான் கேட்பார். வியாழனுக்குள் நேரில் வா. பாதிதான் சொன்னேன், தப்பு என்னுடையது என்று தெருவில் நின்று சொல். உனக்கு அவமானமாக இருக்கும். இருக்கட்டும்.

உன் தங்கை