கை நனைக்காதவன்

தாராவி,
வியாழக்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் பொன்செல்விக்கு உன் அம்மா பூமாரி எழுதிக்கிடுறது. இங்கே நான் சுகம், முட்டிவலி மட்டும் அது இஷ்டத்துக்கு இருக்கு. நீயும் உன் வீட்டுக்காரரும் கல்யாண்ல சுகமா இருக்கணும்னு விளக்கு முன்னால சொல்லிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கேன்.

போன் இருக்கும்போது இதென்ன லெட்டர், அம்மாவுக்கு மண்டை கிண்டை குழம்பிப்போச்சான்னு நினைப்பே. போன் உன் அண்ணன் இசக்கிதுரைகிட்ட இருக்கு. சார்ஜ் நிக்கலை, ரிப்பேருக்குக் கொடுக்கணும்னு திங்கக்கிழமை வாங்கினவன் திருப்பித் தரலை. நீ கூப்பிட்டா அவன்தான் எடுக்கிறான், பக்கத்துலயே நின்னுக்கிட்டு என் காதுல வைக்கிறான். நேத்து நான் உங்கிட்ட, ஊர்ல அம்மன் கொடைத் திருவிழாவுக்கு ரெண்டு பேரும் கட்டாயம் வாங்கன்னு சொன்னேனே, அது என் வாய், அவன் பேச்சு. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதான் பெரிசு பெரிசா எழுதுறேன். மெள்ளப் படி. புரியலைன்னு வேற யார்கிட்டயும் நீட்டிடாதே. எதிர்வீட்டு பேகம் மக மெஹக் கல்யாண்லதானே வேலை பார்க்கிறா, அவ கையில முறுக்குப் பொட்டலத்தோட இதையும் கொடுத்து விடுறேன்.

முதல்ல சந்தோஷத்தைச் சொல்லிடுறேன். ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணின பிறகு இந்த ஞாயித்துக்கிழமைதான் ரெண்டு பேரும் சேர்ந்து நம்ம தெருவுல கால் வச்சீங்க. மயில்கழுத்துக் கலர் சேலையில நீ வந்து நின்னப்ப என் கண்ணே பட்டுடும்போல இருந்துச்சு. உன் வீட்டுக்காரர் மாடி ரூம் இரும்பு ஏணியில நங்குன்னு தலையை இடிச்சுக்கிட்டார். லிஃப்ட் ரிப்பேர் பண்ற மனுசனுக்கு ஏணி ஏறத் தெரியலையேன்னு நான் கேலி பண்ணினதுக்கு எப்படிச் சிரிச்சார்! மனசுல கள்ளம் இல்லாத சிரிப்புடி அது. அண்ணனே போன் போட்டு மறுவீட்டு விருந்துக்குக் கூப்பிட்டிருக்கான், எல்லாம் சரியாயிடுச்சுன்னு நானும் மயங்கித்தான் கிடந்தேன்.

நீங்க போன பிறகு பாத்திரம் கழுவிக்கிட்டே ஒண்ணொண்ணா யோசிச்சேன். அண்ணன் உங்களைத் தெருத்தெருவா கூட்டிக்கிட்டுப் போனானே, நம்ம சாதிச் சங்கத்துக் கோயில், மாமா வீடு, சித்தப்பா வீடுன்னு. எல்லா வீட்டிலயும் உனக்குப் பூ, குங்குமம், ரவிக்கைத் துணி. உன் வீட்டுக்காரரை ஒரு வாயாவது மாப்பிள்ளைன்னு கூப்பிட்டுச்சா? வாங்க தம்பி, உக்காருங்க தம்பி, கலர் குடிங்க தம்பி. மீட்டர் பார்க்க வந்த ஆளுக்குச் சொல்ற மாதிரி. வேற சாதிப் பையனை நீ கட்டிக்கிட்டதுக்கு என்னை எதிர்ல கண்டா முகத்தைத் திருப்பினவங்க, அன்னைக்குப் பல்லெல்லாம் தெரியச் சிரிச்சாங்க. பேகம் வீட்டுக்காரர் ஷேக் பரீத் அண்ணன் ஒருத்தர்தான் தோல் பட்டறையை விட்டு எழுந்து வந்து, வாங்க மாப்பிள்ளேன்னு ரெண்டு கையையும் பிடிச்சார். அவர் நம்ம சாதியும் இல்லை, மதமும் இல்லை.

அப்புறம் சாப்பாடு. கறிக்குழம்பு வாசனைக்கு நீ முகத்தைத் திருப்பினே. நான் பெத்தவடி, எனக்குத் தெரியாதா? பிள்ளைக்கு ரயில்ல வந்த பித்தம்னு சத்தமாச் சொல்லி வச்சேன். உன் அண்ணன் நம்பினானா இல்லையான்னு தெரியலை.

அண்ணன் இலை போட்டான், தண்ணி தெளிச்சான், அவனே கறி அள்ளி அள்ளி வச்சான். நீயும் உக்காருண்ணேன்னு நீ கூப்பிட்டதுக்கு, கொடை முடியற வரைக்கும் விரதம், கறி பக்கம் போகமாட்டேன்னான். சாம்பார் இருக்கே, அதுல ரெண்டு வாய் சாப்பிடுங்களேன்னு உன் வீட்டுக்காரர் சொன்னதுக்கும், இருக்கட்டும் இருக்கட்டும்னுட்டான். நானும் அப்புறம் சாப்பிடலாம்னுதான் நின்னேன். உன் வீட்டுக்காரர்தான், அத்தை நீங்களும் உக்காருங்கன்னு என்னைப் பிடிச்சுப் பக்கத்துல உக்கார வச்சார். நான் முதல் வாய் எடுத்தப்ப உன் அண்ணன் கரண்டியைக் கீழே வச்சுட்டு வாசலுக்குப் போனான். நீ ரசத்தைப் பார்த்துக்கிட்டிருந்தே, கவனிக்கலை.

கல்யாண் போய்ச் சேருறதுக்குள்ளயே நீ வாய்ஸ் மெசேஜ் போட்டே. அண்ணன் தன் கையாலேயே பரிமாறினான்மா, மனசு மாறிட்டான்மான்னு அழுதே. பம்பாய்ல பொறந்த பிள்ளை, உனக்குச் சொல்லிக் கொடுக்காம விட்டுட்டோம். பரிமாறினா ஆயிடுச்சாடி? உங்க அப்பா கணேசபாண்டியன் வழியில எவ்வளவு பெரிய பகையா இருந்தாலும், சமாதானம் பேசி முடிச்சா ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சுத்தான் சோறு போடுவாங்க. ஒரு பந்தியில சேர்ந்து கை நனைச்சுட்டா அப்புறம் அந்த ஆள் மேல கை ஓங்கக் கூடாது. உங்க அப்பா குடிகாரர்தான், கோவக்காரர்தான், ஆனா அதை ஒருநாளும் மீறினதில்லை. கை நனைக்கிற எண்ணம் இல்லாதவன்தான் நின்னுக்கிட்டே பரிமாறுவான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் உன் அண்ணன் கடையிலிருந்து வந்தான். பிரிட்ஜைத் திறந்து மிச்சக் கறியை எடுத்தான், சூடு பண்ணினான், சட்டியை வழிச்சுத் தின்னான். நான் பார்த்துக்கிட்டே நின்னேன். விரதம் எங்கேடா போச்சுன்னு கேட்டேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கலை. நான் அவனோட கை நனைக்கலை இல்லம்மா, அது போதும்னான்.

அந்தச் சட்டியை நான் இன்னும் கழுவலை, பொன்செல்வி.

அன்னைக்குச் சாயங்காலமே சங்கத்துப் பெரியவர் ஒருத்தர் ஆளோட வந்தார். நீ போனதிலிருந்து கொடைக்கு நம்ம வீட்டு வரியை வாங்காமத்தானே ஒதுக்கி வச்சிருந்தாங்க. இப்ப அவங்களே வாசல்ல வந்து நின்னு வாங்கிக்கிட்டாங்க. உன் அண்ணன் தோளைத் தட்டிக்கொடுத்தார் அந்தப் பெரியவர். இத்தனை நாள் இல்லாத கருணை இப்ப எங்கேருந்து முளைச்சுதுன்னு உன் அண்ணன்கிட்ட கேட்டேன். கொடையில எல்லாம் முடிஞ்சிடும்னு வாக்குக் கொடுத்திருக்கேன், நீ முறுக்கைச் சுடுன்னான். இப்பச் சொல்லு, அவன் என்ன வாக்குக் கொடுத்திருப்பான்?

நீங்க ரெண்டு பேரும் வந்தா தங்குறதுக்கு ஊர்ல நம்ம வீடு இல்லையாம். வீட்டுல கூட்டமா இருக்குமாம். வயக்காட்டுல பம்ப்செட் ரூமைச் சுத்தம் பண்ணி வைக்கச் சொல்லியிருக்கானாம். புதுசாக் கட்டினவங்களுக்குத் தொந்தரவு இல்லாம இருக்கும்னு என்கிட்டயே சொல்றான். கறிச் சோறு சாப்பிட்டு முடிச்சதும் உன் வீட்டுக்காரர்கிட்ட நைசா என்னென்ன கேட்டான்னு ஞாபகம் இருக்கா? வேலைக்குக் குர்லாவுக்கு எந்த லோக்கல் ரயில்ல வாரீங்க, எந்தப் பொட்டியில ஏறுவீங்க, ராத்திரி ஷிப்ட் உண்டா, கூட யாரும் வருவாங்களா. அம்மா சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேக்காதவன்டி அவன். பாவம் அந்த மனுசன், அக்கறையாக் கேக்கிறான்னு நினைச்சு எல்லாத்துக்கும் பதில் சொன்னார். அதனால கொடைக்கு வராம இருந்தா மட்டும் போதாது. அவர் ரயிலை மாத்தச் சொல்லு, பொட்டியை மாத்தச் சொல்லு, முடிஞ்சா வேலையையே மாத்தச் சொல்லு. இப்ப இருக்கிற வீட்டை உடனே காலி பண்ணுங்க. புது வீடு எங்கேன்னு எனக்கும் சொல்லாதே. எனக்குத் தெரியலைன்னா என்கிட்டேருந்து யாரும் பிடுங்க முடியாது.

பேகம்கிட்ட மட்டும் மனசு விட்டுச் சொன்னேன். போலீசுக்குப் போங்க அக்கா, நானும் கூட வாரேன்னு சொன்னா. போலீஸ் சௌக்கி வரைக்கும் போனேன் பொன்செல்வி. வாசல்ல நின்னுட்டுத் திரும்பி வந்துட்டேன். உள்ளே போய் என்னன்னு ஆரம்பிப்பேன்? தொட்டில்ல போட்டு ஆட்டின பிள்ளையாச்சே. ஆனா நீங்க எழுதிக் கொடுங்க. அவரும் நீயும் சேர்ந்து போய்க் கொடுங்க. என்னைக் கூப்பிட்டுக் கேட்டா, இந்த லெட்டர்ல இருக்கிறதை அப்படியே அவங்க முன்னாலயும் சொல்வேன். அதுக்கப்புறம் இந்த வீட்டுல எனக்கு என்ன ஆகும்னு நீ யோசிக்காதே. அது என் பாடு.

கடைசியா ஒண்ணு. கொடை நெருங்க நெருங்க நான் போன்ல அழுதுகூடக் கூப்பிடுவேன். அம்மாவுக்கு நெஞ்சுவலி, ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டிட்டுப் போன்னு சொல்வேன். வராதே. நான் செத்துட்டேன்னு போன் வந்தாலும் வராதே. நிஜமாவே செத்திருந்தாலும் வராதே. கொள்ளி வைக்க அவன் இருக்கான். நீ உன் வீட்டுல இருந்து ஒரு விளக்கு ஏத்தி வை, அது எனக்கு வந்து சேரும்.

முறுக்குப் பொட்டலத்துக்கு அடியில கண்ணாடி வளையல் வச்சிருக்கேன். பச்சையும் சிவப்பும். உடைஞ்சிடாமப் பிரி. உனக்கு மாசம் ஏறும்போது நாலு பேரைக் கூட்டி, சந்தனம் பூசி, நான் போட்டு விடவேண்டியது. அதுக்கு நமக்குக் கொடுத்து வைக்கலை. ஏழாம் மாசத்துல என் மாப்பிள்ளையை உன் கையில போட்டுவிடச் சொல்லு. அத்தை கேட்டுக்கிட்டேன்னு சொல்லு. மாப்பிள்ளை ஜெயகணேஷுக்கு நூறு வயசு, என் மகளுக்கு நூறு வயசு, வர்ற உசுருக்கும் நூறு வயசு. படிச்சதும் இதைப் பத்திரமா வை, கிழிச்சுப் போடாதே. தேவைப்படும்.

இப்படிக்கு,
உங்களோட ஒரே பந்தியில உக்காந்து கை நனைச்சவ,
அம்மா பூமாரி.