இருபது நிமிடம் காத்திருந்த கப்பல்

மார்ச் 6
கப்பல், நாலாம் தளம்

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எப்படி இருக்கிறார்? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே போனில் சிக்னல் கிடையாது. கப்பல் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டால் அச்சடித்து அறைக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அதனால் சோம்பேறித்தனம் பார்க்காமல் எழுது.

ஓய்வெடு என்று தங்கை நீ வாங்கித் தந்த பயணம், குறை சொல்லக் கூடாது. ஆனால் வந்ததிலிருந்து தூக்கம் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்க, உடம்பு தானாக எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. சாப்பாட்டு மேசையில் எனக்கு வாய்த்த துணை ஓய்வுபெற்ற ஒரு பல் டாக்டர். நான் என்ன பேசினாலும் என் பல்லைத்தான் பார்க்கிறார்.

நாளை மறுநாள் கரையில் இறங்குகிறோம். ஏதோ பழைய நகரத்தின் இடிபாடுகளாம். எனக்குப் படுத்துக் கிடந்தால் போதும்.

அப்பாவுக்குச் சாப்பாட்டை நன்றாக மசித்து நீயே ஊட்டு. அவசரப்பட்டால் புரையேறும். எல்லாம் நாலு பக்கமாக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

உன் அக்கா


மார்ச் 7
வீடு

அன்புள்ள அக்காவுக்கு,

என் இடுப்பு இடுப்பாக இல்லை. ஆய்வகத்தில் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு மனிதரைத் தூக்கி உட்காரவைப்பதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. ஆறு வருடம் இதை எப்படிச் செய்தாய் என்று கேட்க வெட்கமாக இருக்கிறது.

ஆனால் ஒரு நல்ல சேதி. நேற்று மதியம் ஊட்டப் போகும்போது ஆய்வகத்திலிருந்து போன். தட்டை அப்பா மடியில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் இடது கையால் ஸ்பூனைப் பிடித்துத் தானே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்! பாதி வாயில், பாதி சட்டையில். பக்கவாதம் வந்து மூன்றாவது வருடத்திலேயே கை பழகிவிட்டதாம். அக்காவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அவ என் பக்கத்துல உக்கார்றதே ஊட்டுறப்பதான். மத்த நேரமெல்லாம் ஓடிக்கிட்டே இருக்கா.”

இனி உனக்கு ஒரு வேலை மிச்சம். சந்தோஷப்படுவாய் என்று உடனே எழுதுகிறேன்.

அன்புடன்,
வாலு


மார்ச் 8
கப்பல்

வாலுக்கு,

நான் சந்தோஷப்படவில்லை. உன் கடிதத்தைக் காலையில் பஸ்ஸில் படித்தேன், இறங்கும்போது மறுபடி படித்தேன். மூன்று வருடம், மூன்று வேளையும். எனக்குக் காய்ச்சல் வந்த நாட்களிலும் ஊட்டினேன். அப்பாவும் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

இடிபாடுகளில் வழிகாட்டிப் பெண் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். இது குளியலறை, இது தானியக் கிடங்கு, இது யாரோ வீட்டுச் சமையலறை என்று சொல்லிக்கொண்டே போனாள். கூரை எதற்கும் இல்லை. அந்தச் சமையலறையில் அடுப்பு மேடை மட்டும் முழுசாக இருந்தது. மற்றவர்கள் படம் எடுத்தார்கள். இதைத் துடைத்தவள் எத்தனை தடவை துடைத்திருப்பாள் என்று நான் நினைத்தேன். முட்டி வலித்தது. சுவர் நிழலில் சாய்ந்து உட்கார்ந்தேன். தூங்கிப்போனேன்.

டிக்கெட் கிழிக்கும் அம்மா தட்டி எழுப்பியபோது சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. கப்பல் கிளம்புவது ஐந்து மணிக்கு, என் கடிகாரத்தில் ஐந்து அடிக்க ஐந்து நிமிடம். அவள் வண்டிக்காகப் போன் போடுகிறாள், நான் எழுந்திருக்கக்கூட இல்லை. கப்பல் போயிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நிஜமாகவே வேண்டிக்கொண்டேன். நம் வீடும் அப்பாவும் அந்தக் கடலுக்கு அப்பால் இருந்துவிடட்டும் என்று. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் மனசுக்குள் வைத்துக்கொள்ள இடம் இல்லை.

அவள் தன் தம்பியின் வண்டியில் ஏற்றி அனுப்பினாள். எனக்காகக் கப்பல் இருபது நிமிடம் காத்திருந்தது. மேல் தளத்தில் அத்தனை பேரும் என்னை முறைத்தார்கள். பல் டாக்டர் மட்டும் கை தட்டினார்.

நேராகக் கேட்கிறேன். வருடத்தில் ஆறு மாதம் அப்பாவை நீ வைத்துக்கொள்வாயா? உன் வீடு மூன்றாம் மாடி, அவரைப் படியில் ஏற்ற முடியாது என்று எப்போதும் சொல்வாய். நாலு பேரை வைத்துத் தூக்கினால் ஏற்றிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. முடியும் என்று சொல், இல்லை முடியாது என்று சொல். சமாதானம் மட்டும் சொல்லாதே, கேட்கத் தெம்பு இல்லை.

அக்கா


மார்ச் 10
வீடு

அன்புள்ள அக்காவுக்கு,

முடியும்.

நாலு பேர் தேவையில்லை. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. உன்னிடம் சொல்லவில்லை. முதலில் அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன், பிறகு உன்னிடம் போனில் பேசவே பயமாக இருந்தது. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் உன்னைக் கப்பலில் ஏற்றினேன். போதுமா?

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கப்பல் போயிருக்கட்டும் என்று நீ எழுதியதையும் விடவில்லை. பிறகு சொன்னார்:

“அவ வர்றப்ப நான் இங்க இருக்க வேணாம். என்னைக் கூட்டிட்டுப் போயிடு.”

ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி சொல்லியிருக்கிறேன். நீ வரும்போது வீட்டில் நாங்கள் இருக்க மாட்டோம். சாவி எதிர்வீட்டில் இருக்கும். ஆறு மாதம் ஆகும்வரை எங்களைப் பார்க்க வராவிட்டாலும் பரவாயில்லை.

அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் இரண்டு பேர் மேலும் உனக்குக் கோபம் இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது.

உன் தங்கை