கயிற்றுக்கு அந்தப் பக்கம்

பாப்பா,

நேற்று பேத்திக்கு வளைகாப்பு. பெரம்பலூரில் மண்டபம் பிடித்துச் செய்தோம். வந்தவர்கள் எல்லாம் போன பிறகு நான்தான் கூட்டினேன். கூட்ட ஆள் இருந்தது, விளக்குமாற்றைக் கொடுக்கத்தான் மனசு வரவில்லை. மூலையில் ஒரு நாற்காலிக்கு அடியிலிருந்து உடைந்த வளையல் துண்டு ஒன்று வந்தது. பச்சை. யார் கையில் உடைந்ததோ. குப்பையோடு தள்ள முடியாமல் முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன். இப்போது அதை எதிரில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் அஞ்சாவதோடு நின்றவள். ஆனாலும் என் கையெழுத்து உன்னுடையதைவிட அழகு என்று நீயே ஒத்துக்கொண்டிருக்கிறாய். அதனால் கூச்சப்படாமல் எழுதுகிறேன். படிக்க நீ இல்லை என்பது தெரியாமல் இல்லை.

உன்னை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றுதான் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அம்மா பருத்தி எடுக்கப் போய்விடுவாள். நீ என் இடுப்பில். அதை நான் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. எனக்குக் கல்யாணமாகி, அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, குன்னத்தில் என் வீட்டிலேயே வளர்ந்தாய். பெரம்பலூர்ப் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போய்வந்தாய்.

ஒருநாள் சாயங்காலம் பையிலிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்துக் காட்டினாய். டிரில் டீச்சர் கொடுத்த பழைய ரிங். வெடிப்பு விழுந்த இடத்தில் பஞ்சர் கடைக்காரர் ஒட்டுப்போட்டுக் கொடுத்திருந்தார். வீடு முழுக்க சைக்கிள் டியூப் வாசனை.

"இதுக்கு டெனிகாய்ட்னு பேருக்கா. டென்னிஸ் மாதிரிதான். மட்டை கிடையாது, பந்துக்குப் பதிலா இது."

"மட்டை இல்லாம என்னத்தடி டென்னிசு?"

"கைதான்க்கா மட்டை."

வேப்பமரத்துக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் நடுவில் கிணற்றுக் கயிற்றைக் கட்டினாய். அதுதான் வலை. என்னை அந்தப் பக்கம் நிறுத்தினாய். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் நின்றேன். நீ வீசிய ரிங் கயிற்றைத் தாண்டி ஆடாமல் அசையாமல் ஒரு தட்டு மாதிரி சுற்றிக்கொண்டு வந்தது. நான் இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்தேன். நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய்.

"அது என்னா பச்சப்புள்ளையா, அணைச்சுப் பிடிக்க? ஒத்தக் கைக்கா! பிடிச்ச கையாலயே உடனே வுட்டுறணும். வச்சிக்கிட்டு நின்னா தப்பு."

எனக்குக் கடைசிவரை அது வரவில்லை. பிடித்தால் ஒரு நிமிஷமாவது கையில் வைத்துப் பார்க்க வேண்டும் எனக்கு. ஆனால் தினமும் அந்தப் பக்கம் நின்றேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. நீ சாம்பியன் ஆனபோது உன் டிரில் டீச்சருக்கு மாலை போட்டார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது யார் என்று யாரும் கேட்கவில்லை. நீ மட்டும் அந்த மாலையை வாங்கிவந்து என் கழுத்தில் போட்டாய்.

அதற்குப் பிறகு உன்னைத் தோற்கடிக்க ஆளில்லை. பெரம்பலூர், அரியலூர் என்ன, அன்றைக்குப் பெரிய திருச்சி ஜில்லா முழுக்கவும் ஆளில்லை. அந்த வருஷங்களில் நீ எங்கேயாவது தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கும் பிள்ளைகள், "குன்னத்துக்காரி வந்திருக்காளா?" என்றுதான் முதலில் விசாரிப்பார்களாம். வந்திருக்கிறாள் என்றால் இரண்டாவது பரிசுக்குத் தயாராகிவிடுவார்களாம். உன்னுடைய வித்தை என்னவென்று எனக்குத் தெரியும். வலது பக்கம் பார்ப்பாய், உடம்பும் வலது பக்கம் சாயும், ரிங் மட்டும் இடது மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். கண்ணுக்கே தெரியாது.

கல்யாணம் ஆனால் இதெல்லாம் நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். நிற்கவில்லை. ரெட்டிபாளையத்து மாப்பிள்ளை தங்கமான பையன். சிமெண்ட் ஆலையிலிருந்து வரும்போது புருவமெல்லாம் சாம்பல் பூத்திருக்கும். அதோடு உன்னை சைக்கிளில் உட்கார வைத்து மைதானத்தில் கொண்டுபோய் விடுவார். "என் சம்சாரம் ஜில்லா சாம்பியன்" என்று டீக்கடையில் முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொல்வார். "நீங்க என்ன சாம்பியன் மாப்ளே?" என்று நான் கேட்டதற்கு, "சைக்கிள் மிதிக்கிறதுல நான்தாங்க" என்றார்.

உன் மாமியாரும் கெட்டவள் இல்லை. விளையாடப் போவதை அவள் தடுக்கவில்லை. ஒன்றுதான் சொன்னாள். "எங்க வேணா போ, எது வேணா ஆடு. கையி வெறுங்கையா இருக்கக் கூடாது. புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில வளையலைக் கழட்டக் கூடாது."

நீ அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாய். தேருக்கு மாப்பிள்ளை வளையல் வாங்கிக் கொடுத்தபோது, வளையல்காரரிடம் இருப்பதிலேயே சின்ன அளவைக் கேட்டாய். "புள்ளே, கை ஏறாது" என்றார். "ஏத்துங்க. தொளதொளன்னு இருந்தா வீசும்போது ஓடி வந்து அடிக்கும்" என்றாய். அவர் உன் கையைப் பிசைந்து பிசைந்து, நீ பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ஏற்றினார். எல்லாம் பச்சை. ஒட்டிக்கொண்டு நின்றன, அசையவில்லை. ஆடும்போது அதன்மேல் வெள்ளைத் துணியை இறுக்கிச் சுற்றிக்கொள்வாய். ஜில்லாப் போட்டிகளில் யாரும் அதைக் கேட்கவில்லை. மாமியாருக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி.

திருச்சியில் மாநிலப் போட்டி. அதில் ஜெயித்தால் தமிழ்நாட்டு அணியில் சேர்த்து வடக்கே அனுப்புவார்கள். மாப்பிள்ளைக்கு ஷிப்ட் மாற்றிக் கிடைக்காததால் நான் உன்கூட வந்தேன். முந்தின ஆட்டமெல்லாம் ஊதித் தள்ளினாய். கடைசி ஆட்டம் ஒரு சேலத்துப் பெண்ணோடு. நடுவராக வந்த அம்மா கண்டிப்பானவர். உன் கையைப் பிடித்துத் துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"உள்ளே என்னம்மா?"

"வளையலுங்க மேடம்."

"கண்ணாடியா? உடைஞ்சா உனக்கும் ஆபத்து, எதிர்ல நிக்கிற பிள்ளைக்கும் ஆபத்து. கழட்டிட்டு வா."

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், யாரையும் திட்ட எனக்கு வழியில்லை.

குழாயடிக்கு ஓடினோம். சோப்புப் போட்டோம். ஒன்றிரண்டு வழுக்கி வந்தன, மற்றது வரவில்லை. அளவு அப்படி. கை சிவந்து வீங்கிவிட்டது, வீங்க வீங்க இன்னும் இறுகியது. மைதானத்தில் விசில் ஊதினார்கள்.

"வேணாம்டி. வா, ஊருக்குப் போயிடலாம்."

"போயிட்டா அந்த சேலத்துக்காரி ஆடாமலே ஜெயிச்சவளாயிருவா."

"ஆயிட்டுப் போறா!"

"என்னை ஜெயிக்காம எப்படிக்கா ஜெயிச்சவ ஆவா?"

அதைச் சொல்லிக்கொண்டே குழாய்த்தொட்டியின் சிமெண்ட் விளிம்பில் கையை அடித்தாய். ஒருதரம் இந்தக் கை, ஒருதரம் அந்தக் கை. பச்சைத் துண்டெல்லாம் தண்ணீரில் ஓடியது. எந்த வீட்டில் எந்த நாளில் அந்தச் சத்தம் கேட்கும் என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கீறின இடத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு ஓடினாய்.

அன்றைக்கு நீ ஆடின ஆட்டத்தைப் போல நான் பார்த்ததில்லை. ரிங் உன் கையில் பட்டதா, இல்லை காற்றிலேயே திரும்பிப் போனதா என்று தெரியவில்லை. சேலத்துப் பெண் பாவம், வலைக்கும் கோட்டுக்கும் ஓடி ஓடிக் கடைசியில் இடுப்பில் கையை வைத்து நின்றுவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "யாருங்க அந்தப் பொண்ணு?" என்று கேட்டார்கள். "என் கூடப் பொறந்தவ" என்றேன். உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் குரல் சத்தமாகத்தான் வந்தது.

திரும்பும்போது மலைக்கோட்டைக் கடைவீதி முழுக்க அலைந்தோம். உன் அளவில் பச்சை கிடைக்கவில்லை. அரக்கு நிறத்தில் போட்டுக்கொண்டு வந்தாய். மாப்பிள்ளை கோப்பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு தெருவில் ஆடினார். உன் மாமியார் கோப்பையைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள்.

"போறப்ப பச்சை. இப்ப என்ன அரக்கு?"

ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். உனக்கு அது வராது. "கழட்ட வரல அத்தை. உடைச்சிட்டேன்" என்றாய். அவள் கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வடக்கே போகும் நாள் வருவதற்குள் மாப்பிள்ளைக்குக் கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், அப்புறம் திருச்சிக்குக் கொண்டுபோனோம். திரும்பி வரும்போது அவர் படுத்தபடி வந்தார். அந்த முகத்தில் ஆலைச் சாம்பல் இல்லை. மஞ்சள்தான் இருந்தது.

காரியத்தன்று உன்னை உட்கார வைத்துச் சுற்றி நின்றார்கள். வளையலை உடைக்க ஒருத்தி உன் கையைப் பிடித்தாள். அப்போதுதான் உன் மாமியார் வாயைத் திறந்தாள்.

"அவ கையை ஏன்டி பிடிக்கிறீங்க? அவதான் எப்பவோ உடைச்சிட்டாளே. எம் புள்ள இருக்கையிலயே உடைச்சிட்டாளே."

பெற்றவள் சொன்ன சொல். அதை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். என்னால் தாங்க முடியாதது வேறு. நீ அதை நம்பினாய். குன்னத்துக்கு உன்னை அழைத்துவந்த பிறகு எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன்.

"காமாலைக்கும் கண்ணாடி வளையலுக்கும் என்னாடி சம்பந்தம்? ஏழாம் கிளாசு புஸ்தகத்துலயே போட்டிருக்குன்னு நீதான சொன்ன, தண்ணியில வர்ற நோவுன்னு?"

"தெரியும்க்கா. புத்திக்குத் தெரியுது. இந்தக் கைக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

டிரில் டீச்சர் பஸ் பிடித்து வந்தார். அடுத்த வருஷம் அணியில் இடம் வைத்திருக்கிறார்கள், வேலைகூட வாங்கித் தரலாம் என்றார். நீ கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே பேசினாய். "டீச்சர், இப்பக் கழட்டச் சொல்றதுக்குக் கையில ஒண்ணும் இல்ல. அதனாலதான் வரமாட்டேன்." நான் கொடுத்த காபி ஆறிப்போனது. அப்புறம் யாரும் வரவில்லை. கொஞ்ச நாளில் அந்த சேலத்துக்காரி மாநில சாம்பியன் என்று பேப்பரில் போட்டிருந்தது. உன்னை ஜெயிக்காமலே ஜெயித்துவிட்டாள்.

ஒருதரம் பக்கோடா மடித்து வந்த காகிதத்தில் ஒரு படம். எந்த நாட்டுக்காரியோ, டென்னிஸ் சாம்பியன், மட்டையை ஓங்கிக்கொண்டு நிற்கிறாள். நீ எண்ணெய்க் காகிதத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து, "இவ கையில சங்கிலி போட்டிருக்கா பாருக்கா. இவளை யாரும் கழட்டச் சொல்லலை போல" என்றாய். அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டாய்.

பிறகு உன் கை வெங்காயம் ஆய்ந்தது, பருத்தி எடுத்தது, என் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தலை பின்னிவிட்டது. விசேஷ வீடுகளில் நீ பின்னால் போய் நிற்பாய். யாரும் சொல்லாமலே நிற்பாய். அதுதான் எனக்கு வயிறெரியும்.

நேற்று வளையல் அடுக்கிக்கொண்டவள்தான், சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு புது ரிங் கொண்டுவந்தாள். ரப்பர் வாசனை வந்ததும் நான் உன்னைப் பார்த்தேன். நீ முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் விளையாட்டாக, "சின்னப்பாட்டி, இந்தாங்க!" என்று உன் பக்கம் வீசினாள். நீ தலையைத் தூக்கவில்லை. கை மட்டும் போனது. ஒற்றைக் கையில், முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, ரிங் நின்றது. இப்போது வீசுவாய், இடது மூலைக்குத்தான் வீசுவாய் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

நீ வீசவில்லை.

"பாட்டி, வுடுங்க! வச்சிக்கிட்டு நின்னா தப்பு!" என்று பிள்ளை குதித்தாள். நீ ரிங்கைப் பார்த்தாய், உன் வெறுங்கையைப் பார்த்தாய். எழுந்து வந்து அதை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாய்.

அதற்குப் பிறகும் எவ்வளவோ காலம் இருந்தாய். சர்க்கரை வந்தது, கால் வீங்கியது. போன மாசியில் அரியலூர் ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடிவிட்டாய். கடைசிவரை நீ அதைப் பற்றிப் பேசவில்லை. நேற்று மண்டபத்தில் எல்லோருக்கும் பின்னால் ஒரு இடம் காலியாக இருந்தது. என் கண் அங்கேயேதான் போனது.

பிள்ளைக்கு அன்றைக்கே வேறு ரிங் வாங்கிக் கொடுத்துவிட்டேன். நீ மடியில் வைத்தது என்னிடம்தான் இருக்கிறது. காய்ந்து இறுகிவிட்டது, மூக்கருகே கொண்டுபோனால்தான் வாசனை. பிடித்ததை வைத்துக்கொண்டு நின்றால் தப்பு என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். என்ன செய்யட்டும் பாப்பா? நான் இன்னும் கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை.