ஏப்ரலில் திறந்துவிடுவார்கள்

டிசம்பர் 9, 2020. புதன்

விடாத மழை. காலையில் எங்கள் கரைக்கும் எதிர்த் தீவுக்கும் இடையிலுள்ள நீரிணையின் அடியிலிருந்து அள்ளிய கருஞ்சிப்பி, சேறு சொட்டச் சொட்டச் சாக்குகளில் ஏறி மத்தியானத்துக்குள் டோவர் பக்கம் புறப்பட்டுவிட்டது. நாளை ஹாலந்தில் மாரினஸின் துறையில் இறங்கும். அவர் அதைத் தன் கடலில் கொட்டி, சேறு கக்கவைத்து, சுத்தமாக்கி, பெல்ஜியத்துக்கும் பிரான்சுக்கும் விற்பார். வேல்ஸ்காரர்கள் நாங்கள் சிப்பியை எடுப்போம், தின்னமாட்டோம். அண்ணன் கெதின் படகோட்டி. வாழ்நாளெல்லாம் அதை அள்ளுகிறவன், தட்டில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

மாரினஸ் தொலைபேசியில் கேட்டார்: "ஜனவரியிலே நீங்க ஐரோப்பியக் கூட்டமைப்பு விதிக்கு வெளியே போனப்புறம் எப்படிம்மா? எங்க அதிகாரிங்களுக்கே ஒண்ணும் புரியலை." எங்களுக்கும் புரியவில்லை என்றேன். பக்கத்தில் நின்ற அண்ணன் அவருக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னான்: "நம்ம சிப்பி இல்லாம அவங்க கடையைத் திறப்பாங்களா? வாங்காம எங்க போவாங்க?" மாரினஸ் சிரித்தார். எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

டிசம்பர் 24. வியாழன்

ஐரோப்பாவோடு வணிக ஒப்பந்தம் கையெழுத்தாகப் போகிறதாம். வானொலியில் கேட்ட கையோடு அண்ணன் விஸ்கிப் போத்தலோடு வந்தான். தொற்றுக் காலம், வீட்டுக்குள் வரக்கூடாது. வாசலில் மழையில் நின்றே குடித்தான். "சுங்கத் தீர்வை கிடையாதுடி மெரி! ஒரு பென்னி கிடையாது! என்னமோ உலகமே அழியப்போகுதுன்னியே?"

கெடுக்க மனம் வரவில்லை. கூட்டமைப்பு தருகிற மீன் ஒதுக்கீடு குறைந்துபோனது, படகுகள் அதிகம் என்று அப்பாவின் மீன்பிடிப் படகை வாங்கி உடைத்தார்களே, அன்றைக்குக் கரையில் நின்று கடைசிப் பலகை வரை பார்த்தவன் அவன். நான் பள்ளியில் இருந்தேன். கூட்டமைப்பின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் என்ற பெயரைக் கேட்டாலே அவனுக்கு அந்தக் கோடரிச் சத்தம்தான். 2016-இல் கூட்டமைப்பை விட்டு வெளியேறு என்று அவன் ஓட்டுப் போட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நான் எதிர்ப்பக்கம் போட்டேன். அந்தக் கோடை முழுக்க இரண்டு பேரும் முகம் பார்க்காமல் ஒரே படகை வைத்துத் தொழில் நடத்தினோம். படகு ஆள் டெக்வின்தான் இடையில் தூது.

ஒரு வாய் நானும் குடித்தேன். ஒருவேளை அவன் சொல்வது சரியாக இருந்தால் எனக்கென்ன நஷ்டம்?

ஜனவரி 6, 2021. புதன்

லாரி இல்லை. ஏன் என்று சொல்ல ஆளும் இல்லை.

ஜனவரி 12. செவ்வாய்

நாள் முழுக்கத் தொலைபேசி. கடைசியில் ஒரு பெண் அதிகாரி, பாவம், அழுகிற குரலில் சொன்னாள்: உங்கள் சிப்பிக்கென்று சான்றிதழே கிடையாது.

எங்கள் நீரிணைத் தண்ணீர் இரண்டாம் தரம். அதில் விளைந்ததைச் சுத்தப்படுத்தாமல் தின்னக் கொடுக்கக்கூடாது. அந்த வேலையை மாரினஸ் செய்துகொண்டிருந்தார். கூட்டமைப்புக்குள் இருந்தவரை எந்த நாட்டில் சுத்தப்படுத்தினாலும் ஒன்றுதான். வெளியாள் என்றால் சுத்தப்படுத்திவிட்டுத்தான் எல்லையைத் தாண்டவேண்டும். இத்தனை டன் சிப்பிக்கு இந்தக் கரையில் சுத்தப்படுத்துகிற தொட்டி ஏது? இருந்தாலும், தொட்டியில் இரண்டு நாள் கிடந்து பிறகு லாரியில் போகிற சிப்பி உயிரோடு போய்ச் சேருமா?

சட்டம் புதிதும் இல்லை. வெளியாட்களுக்கென்று அதை எழுதினபோது நாமும் உள்ளே உட்கார்ந்து கை தூக்கினவர்கள்தான். இதைச் சொன்னதும் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பழிவாங்குறானுங்க. வேறென்ன? லண்டன்ல சொல்றாங்க, புது விதி வருது, ஏப்ரல்ல திறந்துடுவாங்க. அதுவரைக்கும் சிப்பி எங்க போகுது? கடல்ல கிடக்கட்டும். வாடகையா கேக்குது?"

பிப்ரவரி 8. திங்கள்

பிரஸ்ஸல்ஸ் வாய் திறந்துவிட்டது. ஏப்ரலும் இல்லை, எந்த மாதமும் இல்லை. வெளியாள் வெளியாள்தான்.

துறையில் வைத்து அண்ணனோடு சண்டை. டெக்வின் கயிற்றைச் சுருட்டுகிற சாக்கில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று: நாம் விதைத்து வளர்த்த சிப்பிப் படுகையைக் கலைத்துவிடு. சிப்பி ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடக்கிறது. ஒவ்வொரு குளிர்காலமும் அள்ளி விற்பதால்தான் அது அளவோடு இருக்கும். அள்ளாமல் விட்டால் தன் கழிவிலேயே சேறு கட்டும், கட்டக் கட்டப் படுகை மேலே எழும்பும், பிடிப்பு விட்டுப்போகும். ஒரு வடகிழக்குக் காற்று போதும். பாதியை அள்ளி ஆழத்தில் பரப்பினால் மீதியாவது தங்கும்.

"கலைச்சா ஓடு உடையும். உடைஞ்ச சரக்கை ஏப்ரல்ல யார் வாங்குவா? உன் மாரினஸே மூஞ்சியைச் சுளிப்பான்."

"ஏப்ரல் இல்லைன்னு சொல்லிட்டாங்களே அண்ணா!"

"சொல்லுவாங்க. பேரம் பேசுறப்போ அப்படித்தான் சொல்லுவாங்க. நீ உன் காகிதத்தைப் பாரு. கடல் என் பாடு."

அதற்குமேல் என்ன பேச? அப்பா போன நாளிலிருந்து எங்களுக்குள் இதுதான் ஏற்பாடு. கடல் அவன் பாடு, கரை என் பாடு. லாரி, வங்கி, வாங்குகிறவன் — இவற்றில் அவன் மூக்கை நுழைத்ததில்லை. எங்கே அள்ளுவது, எங்கே விதைப்பது, எப்போது படகை எடுப்பது — நான் கேட்டதில்லை. இத்தனை வருடமும் இந்த ஏற்பாட்டால்தான் நாங்கள் அண்ணன் தங்கையாக இருக்கிறோம்.

வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வந்திருக்கக்கூடாதோ?

பிப்ரவரி 19. வெள்ளி

டெக்வினை நிறுத்திவிட்டோம். சொல்லவேண்டியது கரைப் பாடு, அதனால் நான்தான் சொன்னேன். தலையாட்டினான். போகும்போது அண்ணனிடம் போய் நின்றான்.

"நானும் உன்கூடத்தான் ஓட்டுப் போட்டேன் கெதின். ஆனா ஒண்ணு. நீ உங்கப்பாவுக்காகப் போட்ட. நான் நீ சொன்னேன்னு போட்டேன். எனக்கு வேற காரணமே கிடையாது."

அண்ணன் அடிவாங்கினவன்போல் நின்றான். எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. டெக்வின்மேல் அதைவிட அதிகமாக.

மார்ச் 11. வியாழன்

அரசாங்கத்தில் நஷ்டஈடு உண்டென்றார்களே என்று கேட்டுப் பார்த்தேன். அது அனுப்பி வழியில் கெட்டுப்போன சரக்குக்காம். நாங்கள்தான் அனுப்பவே இல்லையே! இப்படி ஒரு வேடிக்கையை நாடகத்தில் வைத்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

மாரினஸ் கூப்பிட்டார். அவரும் ஆட்களை நிறுத்துகிறாராம். "ஐரிஷ் சிப்பி கொஞ்சம் கிடைக்குது. ஆனா உங்க சிப்பி மாதிரி சதை இல்லைம்மா." ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று தெரிந்தும் கேட்க நன்றாக இருந்தது.

மார்ச் 30. செவ்வாய்

பௌர்ணமி வற்றம். கடல் வெகுதூரம் உள்வாங்கிவிட்டது. அவனிடம் சொல்லாமல், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு படுகைக்குள் நடந்தேன். பத்தடிகூடப் போயிருக்கமாட்டேன், முழங்கால்வரை புதைந்துவிட்டது. காலுக்கடியில் சிப்பி இல்லை, களி. சிப்பியெல்லாம் அதன்மேல் கம்பளி விரித்ததுபோல் மிதக்கிறது. கையால் ஒரு ஓரத்தைத் தூக்கினேன். எழுந்து வந்துவிட்டது.

நேரே அவன் வீட்டுக்குப் போனேன், சேற்றுக்காலோடு. "நான் உன் கடலுக்குள்ளே வந்துட்டேன். திட்டணும்னா திட்டிக்கோ. நாளைக்கே படகை எடுண்ணா. டெக்வினைக் கூப்பிடு, நானும் வர்றேன்."

என் காலைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?" என்றான். "தெரியும்டி. கலைச்சா, இனி விக்கமாட்டோம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி."

பிறகு மெல்ல: "ஈஸ்டர் கழியட்டும். எடுக்கிறேன்."

ஏப்ரல் 5. திங்கள், ஈஸ்டர் மறுநாள்

காற்று. வடகிழக்கு. காலையிலிருந்து நிற்கவே இல்லை. ஏப்ரலில் பனி கொட்டுகிறது. தென்மேற்கு என்றால் தீவு மறைத்துக்கொள்ளும். இதற்கு மறைவே கிடையாது.

அண்ணன் துறையில் நிற்கிறான். ஜன்னலிலிருந்து தெரிகிறது. போய் என்ன சொல்ல?

ஏப்ரல் 7. புதன்

போச்சு. எல்லாம் போச்சு. கரை முழுக்கச் சிப்பி, கறுப்பாக, குவியல் குவியலாக, வாயைப் பிளந்துகொண்டு. நாய்கள் முகர்ந்துவிட்டுப் போகின்றன. படுகை இருந்த இடத்தில் வழவழவென்று மணல். மூணு வருஷம் வளர்த்தது. அய்யோ, ரெண்டு மாசம் முன்னாடி நான் கத்தியிருக்கணும். அவன் சட்டையைப் பிடிச்சு உலுக்கியிருக்கணும். என்ன பெரிய ஏற்பாடு, கடலாம் கரையாம்!

அவன் குவியலுக்குள் மண்டியிட்டு உயிரோடிருப்பதைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தான். நான் போனது தெரியவில்லை. வாளி நிறைந்ததும் கடலில் கொண்டுபோய்க் கொட்டினான். திரும்பி வந்து மறுபடி பொறுக்கினான். எத்தனை ஆயிரம் வாளி வேண்டும் என்று அவனுக்குத் தெரியாதா? நானும் ஒரு வாளி எடுத்துக்கொண்டேன்.

மே 4. செவ்வாய்

விதைச் சிப்பி பிடித்துப் புதிதாக ஆரம்பிக்கலாமா என்று கேட்டேன். "யாருக்கு விக்கிறதுக்கு?" என்றான். கோபம்கூட இல்லை குரலில். திட்டினால் தேவலை.

ஜூன் 17. வியாழன்

வெக்ஸ்ஃபோர்டிலிருந்து ஒரு ஐரிஷ்காரர் எங்கள் 'குவிலன்' படகைப் பார்க்க வந்தார். நீரடியில் சிப்பி அள்ளுகிற படகு இப்போது இந்தப் பக்கம் மலிவு, அந்தப் பக்கம் கிராக்கி. மாரினஸ்தான் எங்கள் பெயரைச் சொன்னாராம். இயந்திரத்தைப் பார்த்தார், சிப்பி அள்ளுகிற இரும்புச் சட்டங்களைத் தட்டிப் பார்த்தார். அண்ணன் ஒவ்வொன்றின் குணத்தையும் சொன்னான்: இது இழுக்கும்போது இடதுபக்கம் சாயும், அதை வேகமாகத் திருப்பக்கூடாது. விற்பனை பேசுகிறவன் மாதிரி இல்லை.

அவருக்கு அது பிடித்துவிட்டது. "படகோட படகோட்டியும் வருவாரா? எங்க ஊர் கூட்டமைப்புக்குள்ளே இருந்தாலும் உங்களுக்கு அனுமதிச்சீட்டு ஒண்ணும் வேண்டாமே" என்றார். தமாஷாகத்தான் கேட்டிருப்பார். அண்ணன் சிரிக்கவில்லை. "கூலிக்கா?" என்று கேட்டான்.

ஆகஸ்ட் 20. வெள்ளி

கையெழுத்துப் போட்டாகிவிட்டது. விற்பது கரைப் பாடு. முதல் கையெழுத்து என்னுடையது.

அண்ணனே படகை எடுத்துக்கொண்டு போனான். அங்கேயே அடுத்த பருவம் வரை வேலை. டெக்வின் துறைக்கு வந்து கயிற்றை அவிழ்த்துவிட்டான். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தான். அண்ணன் கையைத் தூக்கினான். டெக்வினும் தூக்கினான். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

செப்டம்பர் 2. வியாழன்

பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்துவிட்டது. கரைப் பாடு என்று இனி ஒன்றுமில்லை.

நவம்பர் 16. செவ்வாய்

அண்ணன் கூப்பிட்டான். அங்கே பருவம் ஆரம்பித்துவிட்டதாம். இன்றைக்கு முதல் சரக்கு, நல்ல சதைப்பற்றாம்.

யாருக்குப் போகிறது என்று கேட்டேன். பின்னால் படகு இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது.

"மாரினஸுக்குத்தான்."

"சான்றிதழ்?"

"ஒண்ணும் கேக்கலைடி. சேத்தோட அள்ளுனோம், சேத்தோட ஏத்துனோம். லாரி போயிட்டுது."

ஓட்டு எண்ணிய அன்றிலிருந்து இவனுக்கென்றே ஒரு சொல்லைக் கூர் தீட்டி வைத்திருந்தேன். எத்தனையோ முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இதைவிட நல்ல சமயம் இனி வராது. வாய்வரை வந்துவிட்டது.

"சாப்பிட்டியாண்ணா?" என்று கேட்டேன்.

இன்னும் இல்லை என்றான். போய் முதலில் சாப்பிடு என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.