இழைத்துத் தள்ளிய கதவு

என் கோபக்காரிக்கு,

நேற்று மீட்டர் பார்க்க வந்த பெண், நான் தலைக்குச் சோப்புப் போட்டு உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டாள். குளியலறைக் கதவு தானாகத் திறந்துகொண்டது. "சார், மீட்டர் எங்கன்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் மறந்துடறேன்" என்றாள். துண்டால் திசை காட்டினேன். இடுப்பில் இருந்திருக்க வேண்டிய துண்டு அது.

எல்லாம் மழைக்காலத்தில் நான் இழைப்புளி பிடித்த லட்சணம். கதவு இறுகியபோது நீ, "மரம் ஊறியிருக்குங்க. வெயில் வந்தா அதுவா சுருங்கும், சும்மா விடுங்க" என்றாய். நான் விட்டேனா? இழைத்துத் தள்ளினேன். இப்போது காய்ந்த கதவின் தாழ்ப்பாள் நிலைச்சட்டத்தை எட்டவே இல்லை. இடுக்கு வழியே பல்லி குடும்பத்தோடு போய் வருகிறது.

உன்னைக் கேட்காமல் இந்தப் பழைய வீட்டை வாங்கியதற்கு நீ முகம் தூக்கியபோதும் நான் சும்மா இருக்கவில்லை. வாதாடி வாதாடி உன்னை மகள் வீட்டுக்கே அனுப்பிவைத்தேன்.

வீடு இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. கரையான் தின்ற உத்திரத்தை மாற்றிவிட்டேன். உன் அறை ஜன்னலுக்கு நன்றாகக் காய்ந்த தேக்கு போட்டிருக்கிறேன். மழையிலும் ஒரு விரலால் திறக்கலாம். மாடிப்படி முனகுவதில்லை. உண்மையில் எதுவுமே முனகுவதில்லை. குளியலறைக் கதவை மட்டும் நீ வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் தொடுவேன்.

இங்கே ஒரு குறையும் இல்லை, தைரியமாக வா. பஸ் வர இருட்டிவிட்டால் மட்டும் நேராகத் தம்பி வீட்டுக்கு வந்துவிடு. நீ போனதிலிருந்து ராத்திரியில் நான் அங்கேதான் படுத்துக்கொள்கிறேன்.

உன்
அரைத் தச்சன்